வெறும் சந்தூக்கு

நீங்கள் சாலையைக் கடப்பதற்காக ஒரு மோட்டார் பஸ் கடைசியாக எப்போது நின்றது? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். நினைவுக்கு வரவில்லையென்றால் வெட்கப்படவும் வேண்டாம். மலாக்கா நகரத்தில் யாருக்கும் வராது. சேகு மதார் ஒருவருக்குத்தான் நின்றது. அதுவும் தினமும் நின்றது.

வலது தோளில் சந்தூக்கின் முன்கட்டை, இடது கன்னத்தில் வெற்றிலை உருண்டை, முழங்காலுக்குச் சற்றுக் கீழே மடித்துக் கட்டிய கைலி. இந்தக் கோலத்தில் காஜா பெராங் சாலையின் நடுவில் அவர் நடந்துகொண்டிருப்பார். நடந்துகொண்டிருப்பார் என்பதுகூடக் கொஞ்சம் அதிகம். ஒரு காலை எடுத்து வைத்து, அது தரையில் நன்றாகப் பதிந்ததா என்று உறுதிசெய்துகொண்டு, பிறகு அடுத்த காலைப் பற்றி யோசிப்பார். பின்கட்டையைச் சுமந்துகொண்டு கடலை வியாபாரி அப்துல் கய்யூம் முனகியபடி வருவார். இருபுறமும் பஸ், லாரி, ரிக்‌ஷா, மாட்டுவண்டி, தவுக்கே என்கிற சீன முதலாளியின் கார் எல்லாம் நிற்கும். டிரைவர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். யாரும் ஹாரன் அடிப்பதில்லை.

மையத்தை, அதாவது இறந்தவரின் உடலை, மையவாடி என்ற இடுகாட்டுக்குச் சுமந்து செல்ல முஸ்லிம்கள் வைத்திருக்கும் நீண்ட மரப்பெட்டிக்குச் சந்தூக்கு என்று பெயர். அது தெருவில் வந்தால் உட்கார்ந்திருப்பவர் எழுந்திருப்பார். நடப்பவர் ஒதுங்கி நிற்பார். முஸ்லிம் ஆணாக இருந்தால் ஓடிவந்து சில அடிகளாவது தோள் கொடுப்பார். எல்லா மதத்தாரும் மதிக்கிற வழக்கம் இது. சேகு மதார் தினமும் பட்டப்பகலில் சுமந்துபோன சந்தூக்கில் மட்டும் யாரும் இருந்ததில்லை.

மதாருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். அவர் சாலையோரத்துச் சிறிய பள்ளிவாசலின் மோதினார். பாங்கு சொல்வது, பாய் விரிப்பது, ஹவுள் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது, மௌத்து விழுந்த வீட்டுக்குச் சந்தூக்கை அனுப்புவது, அது திரும்பி வந்ததும் கழுவி நிறுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. பள்ளிவாசலை ஒட்டிய ஓர் அறையில் மனைவி சபியாவோடு குடியிருக்கிறார். வேலையோடு வந்த அறை அது. வேலை போனால் அறையும் போகும்.

நீண்ட காலம் சந்தூக்கோடு பழகியதால் அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாரைப் பார்த்தாலும் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை கண்ணால் அளப்பார். என்னை முதன்முதலில் சந்தித்தபோது அவர் பெயர் கேட்கவில்லை.

"தம்பிக்குக் கொஞ்சம் கால் வெளிய நீட்டும்" என்றார்.

எதற்கு வெளியே என்று கேட்டேன். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த சந்தூக்கைக் காட்டினார். "பயப்படாதீங்க. நீங்க இந்துப் புள்ள, ஒங்களுக்கு இதுல எடமில்ல. சும்மா சொன்னேன்."

நான் இந்துவுமில்லை, எனக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது என்று விளக்கினேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. "அப்படியா?" என்று இன்னொரு முறை அளந்து பார்த்தார். "நீளம் அதேதான்."

காஜா பெராங் சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்து அரசரின் வெள்ளி விழா வருஷத்துக்கு முன்னால் அதில் குழிகள் இருந்தன. அந்தக் குழிகளில் மாட்டுவண்டியும் மோட்டாரும் ஒரே வேகத்தில் ஏறி இறங்கின. அச்சு முறிந்தது, முதுகு வலித்தது, முதலாளிகள் திட்டினார்கள். ஒரு குழந்தைகூடச் சாகவில்லை. பிறகு விழாவை முன்னிட்டுத் தார் ஊற்றினார்கள். குழிகளைப் போல நேர்மையான போலீஸ்காரர் யாரும் அதன் பிறகு அந்தச் சாலைக்கு வரவில்லை.

தார் காய்வதற்குள் பஸ் வந்துவிட்டது. நகரத்திலிருந்து புக்கிட் பாரு பக்கம் இரண்டு முதலாளிகள் பஸ் விடுகிறார்கள். முந்துகிற பஸ்ஸுக்கு ஆள், பிந்துகிற பஸ்ஸுக்குப் புகை. சாலையின் ஒரு புறம் பள்ளிவாசலும் அதன் பின்னால் நெருக்கமான வீடுகளும் இருக்கின்றன. மறுபுறம் பள்ளிக்கூடமும் அதன் வாசலில் ஒரு பொதுக் குழாயும். நண்பகல் தாண்டி மணி அடித்ததும், சிலேட்டுகளோடு வெளியே பாயும் பிள்ளைகள் வீட்டுக்குப் போக அந்தப் பந்தயத்தின் குறுக்கே ஓடியாக வேண்டும்.

ஊரார் போய் முறையிட்டார்கள். சாலைக்குப் பொறுப்பான துரை நல்லவர். உடனே நடவடிக்கை எடுத்தார். மெதுவாகப் போகும்படி எழுதிய பலகை ஒன்றை நட்டார். பலகை ஆங்கிலத்தில் இருந்தது. அவ்வழியாகப் போகிறவர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவர் துரை ஒருவர்தான். அவர் காரின் பின்னிருக்கையில் உட்காருகிறார். ஓட்டுவது வேறு ஆள்.

இந்தச் சாலையில் வண்டிகளை நிறுத்தவே முடியாது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். மாரியம்மன் தேர் வந்தால் நிற்கின்றன. கவர்னர் வந்தால் நிற்கின்றன. சந்தூக்கு வந்தால் நிற்கின்றன. கடவுளுக்கும் கவர்னருக்கும் பிணத்துக்கும் நிற்கத் தெரிந்த சாலை இது. இந்த மூன்றில் எதுவுமாக இல்லாத மனிதனைக் கண்டால்தான் அதற்கு நேரமில்லை.

ஹஸீனா காலையில் ஆப்பம் சுட்டு விற்கிறவர். கணவருக்குக் கப்பலில் வேலை. ஒரே மகள் ராபியத்து, இரண்டாம் வகுப்பு. ஒரு நாள் மணி அடித்தது, ராபியத்து ஓடினாள், பஸ் வந்தது. இதற்கு மேல் விவரிக்க எனக்கு விருப்பமில்லை. பிள்ளை கவனமில்லாமல் சாலையைக் கடந்தது என்று பிற்பாடு விசாரணையில் முடிவானது. பஸ் கவனமாகப் பிள்ளையைக் கடந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து உடல் கிடைக்க மறுநாளாயிற்று. சந்தூக்கு புறப்பட்டது. முன்கட்டை மதாரின் தோளில். சாலையில் எதிரே ஒரு பஸ் வந்து, வெகு தூரத்திலேயே வேகம் குறைந்து, பூனைபோல நின்றது. டிரைவர் இறங்கித் தொப்பியைக் கழற்றினார். அவர் பெயர் சின்னப்பா. அதே டிரைவர், அதே பஸ், அதே இடம், அதே பிள்ளை. முதல் நாள் நிற்க முடியாமல் போன பஸ் மறுநாள் மிக நன்றாக நின்றது. பிரேக்கில் ஒரு குறையும் இல்லை.

மதார் இதைப் பற்றி என்னிடம் சொன்னது கொஞ்சம்தான். "எடையே இல்ல தம்பி. வெறும் பொட்டியத் தூக்குன மாதிரிதான் இருந்துச்சு. அவன் நின்னானே, அதத்தான் பாத்துக்கிட்டே போனேன். ஓகோ, ஒனக்கு நிக்கத் தெரியுதான்னு நெனச்சேன்."

அடுத்த வாரத்திலிருந்து அவர் சந்தூக்கைக் கழுவ ஆரம்பித்தார். தினமும் கழுவினார். மணி அடிக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் பொதுக் குழாய்க்குக் கொண்டுபோவார். மணி அடித்ததும் திரும்பக் கொண்டுவருவார். திரும்பி வரும்போது சந்தூக்கின் இரு பக்கமும் பிள்ளைகள் நடந்து வருவார்கள். வாடகை வீடு மாறுகிறவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நடப்பதுபோல, பேசிக்கொண்டும் தள்ளிக்கொண்டும் வருவார்கள்.

பள்ளிவாசலிலேயே தண்ணீர் இருக்கும்போது சாலையைத் தாண்டி ஏன் போக வேண்டும் என்று கேட்டேன்.

"அது தொழுவுறதுக்கு முன்னாடி கைகால் கழுவுற தண்ணி. அதுலயா பொட்டியக் கழுவுவாங்க? நல்லாக் கேட்டீங்க."

பின்புறம் கிணறு இருக்கிறதே என்றேன்.

"வாளி ஓட்ட."

போய்ப் பார்த்தேன். புது வாளி. வந்து சொன்னேன்.

"கயிற நம்ப முடியாது" என்றார்.

அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். சந்தூக்கின் மேல் ஒரு நாளும் அவர் போர்வை போட்டதில்லை. அதைச் சுமக்கும்போது ஓத வேண்டியதை ஒரு நாளும் ஓதியதில்லை. கய்யூம் ஒரு முறை பழக்கத்தில் வாயெடுத்தபோது, "சும்மா வா, உள்ள ஆளில்ல" என்று அடக்கினார். அவருடைய நியாயம் எளிமையானது. "மௌத்துன்னு யாருகிட்டயாச்சும் சொன்னேனா? பொட்டியக் கழுவ எடுத்துட்டுப் போறேன். அவனுவளா நிக்கிறானுவ. நான் என்ன பண்ணட்டும், நிக்காதடான்னா சொல்ல முடியும்?"

கய்யூமுக்கு இந்த வேலையில் ஒரு துளியும் விருப்பமில்லை. ஒரு நாள்கூட வராமல் இருந்ததும் இல்லை. மதாரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, கடல கய்யூம்னுதான் என்னயச் சொல்லுவாங்க. இப்ப என் பொஞ்சாதி ஆயிஷாவப் பாத்து, ஒங்க வீட்டுக்காரரு இன்னிக்கு யாரு மையத்துக்குப் போறாருன்னு கேக்குறாளுவ."

"நல்ல பேருதானே. கடலைய விட ஒசத்தி."

"கொஞ்சம் வெரசாத்தான் நடங்களேன். தோளு விட்டுப் போவுது."

"ஒன்னய இதுல வச்சுத் தூக்கும்போது வெரசா நடக்குறேன். இப்பப் பேசாம வா."

எதிர்ப் பக்கத்துக் காப்பிக்கடையில் செட்டி கம்பம் என்ற பழைய தமிழர் குடியிருப்புப் பெரியவர் தெய்வநாயகம் உட்கார்ந்திருப்பார். அவர் கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். முதல் இரண்டு நாள் சந்தூக்கைக் கண்டு மரியாதையாக எழுந்து நின்றார். மூன்றாம் நாள் விஷயம் புரிந்துவிட்டது. அப்போதும் எழுந்து நின்றார், கூடவே பஸ்களைப் பார்த்துக் கையை ஆட்டி, "பெலான், பெலான்!" என்று, மெதுவாக, மெதுவாக என்று மலாயில் கத்தவும் ஆரம்பித்தார்.

சின்னப்பாவுக்குத் தெரியுமா என்று அறிய நான் ஒரு நாள் அவருடைய பஸ்ஸில் முன்னிருக்கையில் போனேன். சந்தூக்கு தெரிந்ததும் நிறுத்தினார், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே யாருமில்லை என்றேன்.

"தெரியும் சார். மொத நாளே தெரியும். ஆளு இருக்கிற பொட்டி அப்படி ஆடாது."

தெரிந்துமா நிற்கிறீர்கள்?

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சும்மா நின்னா மொதலாளி ஏன் லேட்டுன்னு கேப்பாரு. போட்டிக்கு ஓடுறவன் ஆள ஏத்திட்டுப் போயிருவான். புள்ளைங்களுக்காக நின்னேன்னு சொன்னா, அப்ப நீ பள்ளிக்கூடத்துலயே வேல பாருன்னுவாரு. மையத்து போச்சுங்க மொதலாளின்னா வாயத் தொறக்க மாட்டாரு. அந்தப் பொட்டி வந்தப்புறம்தான் சார் நான் ராத்திரி தூங்குறேன்."

இப்படிச் சாலையில் இருந்த எல்லாருக்கும் உண்மை தெரிந்து, எல்லாரும் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தபோது, தெரியாத ஒருவர் வந்து சேர்ந்தார்.

ஜமாஅத்தின் நாட்டாண்மை உமர் சாகிப்புக்குப் பெண்டஹாரா சாலையில் ஜவுளிக்கடை. நல்ல மனிதர், எந்த வீட்டு மௌத்துக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். ஒரு நாள் பகல் ரிக்‌ஷாவில் காஜா பெராங் பக்கம் வந்தார். நடுச்சாலையில் சந்தூக்கைக் கண்டார். தன் ஜமாஅத்தில் ஒரு மரணம் நிகழ்ந்து, தனக்கு யாரும் ஆளனுப்பவில்லை! பதறிப்போய் ரிக்‌ஷாவிலிருந்து குதித்து, செருப்பு ஒன்று கழன்றதையும் பார்க்காமல் ஓடிவந்து, கய்யூமை விலக்கிப் பின்கட்டைக்குத் தோள் கொடுத்தார்.

"யாரு மதார்? எனக்குச் சொல்லியே அனுப்பலியே!"

மதார் திரும்பவில்லை. அடுத்த காலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். உமர் சாகிப் சில அடிகள் நடந்தார். சுமை அவருக்குப் புரிய ஆரம்பித்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எடையே இல்லியே. சின்னப் புள்ளையா?"

"இன்னும் இல்ல, நாட்டாண்ம" என்றார் மதார்.

உமர் சாகிப்புக்கு விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. விளங்கியபோது அவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இருபுறமும் பஸ்கள் நின்றிருந்தன, தொப்பிகள் கழன்றிருந்தன. சந்தூக்கை நடுவழியில் விட்டுவிட்டு விலகுவது பெரிய அவமரியாதை. ஆகவே ஜமாஅத்தின் நாட்டாண்மை, வெறும் பெட்டியை ஒற்றைச் செருப்போடு, மிகுந்த கௌரவத்தோடு சாலை முழுவதும் சுமந்தார். பிள்ளைகள் அவரைச் சுற்றி நடந்தார்கள். ஒரு சிறுமி கூட்டத்தில் தள்ளப்படாமல் இருக்க அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிவாசல் வந்ததும் விட்டுவிட்டு, சலாம் சொல்லி ஓடிவிட்டாள்.

அன்று மாலை தொழுகை முடிந்ததும் ஜமாஅத் கூடியது. நான் வாசலுக்கு வெளியே நின்றேன். ஹஸீனா ஜன்னலுக்கு வெளியே நின்றார். பெண்களுக்கும் நாத்திகர்களுக்கும் ஒரே இடம்தான்.

"இது வக்ஃபு சொத்து மதார். மையத்துக்குன்னு ஒரு மனுசன் செஞ்சு குடுத்தது. ஒன் வெளையாட்டுக்குக் குடுத்ததில்ல" என்றார் உமர் சாகிப்.

"மையத்துக்குன்னுதான் குடுத்தாரு. இல்லேங்கல. நெறைய மையத்து வரணும்னு வேண்டிக்கிட்டாக் குடுத்தாரு?"

சிலர் சிரித்தார்கள். உமர் சாகிப் சிரிக்கவில்லை. "வாய் பேசாத. ஊரு சிரிக்குது. இன்னிக்கு பஸ் மொதலாளி ஆளனுப்பிக் கேக்குறாரு, ஒங்க பள்ளிவாசல்ல தெனமும் எவன்யா சாவுறான்னு. பொட்டிக்குன்னு ஒரு மரியாத இருக்கா இல்லியா?"

அப்போது ஜன்னலுக்கு வெளியே இருந்து ஹஸீனா பேசினார். சத்தம் போடவில்லை; அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றே கூப்பிட்டார். "பொட்டிக்கு மரியாத கொறையுதுன்னு பதறுறீங்க காக்கா. எம் புள்ளய அதுல வச்சப்போ, அதுக்கு மொத நாளு, இந்தப் பதட்டம் எங்க போயிருந்துச்சு?"

ஆனாலும் தீர்ப்பு மாறவில்லை. சந்தூக்கு உள்ளறையில் வைத்துப் பூட்டப்பட்டது. சாவி உமர் சாகிப்பின் கடைக்குப் போயிற்று. இன்னொரு முறை காரணமில்லாமல் அதை வெளியே எடுத்தால் மதாருக்கு வேலையும் இல்லை, அறையும் இல்லை.

உமர் சாகிப்பை நான் திட்டப்போகிறேன் என்று எதிர்பார்ப்பீர்கள். ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. இறந்தவர்களுக்கு உள்ள மரியாதையை இரவல் வாங்கிக்கொண்டு உயிரோடிருக்கும் குழந்தைகள் வீட்டுக்குப் போக வேண்டியிருப்பது வெட்கக்கேடு. ஆனால் அந்த வெட்கம் மதாருடையது அல்ல. தார் ஊற்றத் தெரிந்து, ஒரு மேட்டை வைக்கத் தெரியாத துரையுடையது. ஒரு டிரைவரைக் குழந்தைக்கும் கூலிக்கும் நடுவில் நிறுத்திவிட்டு, கணக்குப் பார்க்கும் முதலாளியுடையது. தேர் வரும்போது சாலையைக் கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டு, மறுநாள் அதே சாலையை எமனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற பக்தர்களுடையது. விதி என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்கள் ஒவ்வொருவருடையதும். விதிக்கு டயர் கிடையாது. அந்த பஸ்ஸுக்கு இருந்தது.

பூட்டுப் போட்ட மறுநாள் நான் சாலைக்குப் போனேன். மதார் வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் பள்ளிவாசலிலிருந்து வந்தார். பின்னால் கய்யூம் வந்தார். இருவர் தோளிலும் ஒன்றுமில்லை. சாலையைக் கடந்து குழாயடிக்குப் போனார்கள். கழுவ எதுவும் இல்லாததால் கையைக் கழுவிக்கொண்டார்கள். மணி அடித்ததும் திரும்பினார்கள். மதார் முன்னே, கய்யூம் பின்னே. நடுவில் ஒரு சந்தூக்கின் நீளத்துக்கு இடம். பக்கவாட்டில் நடந்து பழகிய பிள்ளைகள் கொஞ்ச நேரம் விழித்தார்கள். பிறகு அந்த நடு இடத்துக்குள் வந்து நடந்தார்கள்.

சின்னப்பாவின் பஸ் வந்தது. நின்றது. தொப்பி கழன்றது.

அன்று மாலை முதலாளி, ஏன் தாமதம் என்று கேட்டார். மையத்து என்று சொல்ல இந்த முறை வழியில்லை. சின்னப்பா உள்ளதைச் சொன்னார். இப்போது பஸ் கொட்டகையில் பஸ்களைக் கழுவிக்கொண்டிருக்கிறார். பஸ்ஸை வேறு ஒருவர் ஓட்டுகிறார். இளைஞர், துடிப்பானவர், முதலாளிக்கு மிகவும் பிடித்திருக்கிறதாம்.

அந்த இளைஞர் நிற்கவில்லை. ஹாரனை அழுத்தியபடி வந்து, கடைசியில் வளைத்துக்கொண்டு போனார். பிள்ளைகளை முன்னால் தள்ளிவிட்டதில் கய்யூமுக்கு விலக நேரமில்லை. கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். பார்க்கப் போன மதாரிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நானா, பொட்டி கொண்டாரலியே?" என்பதுதான். இரண்டாவது, "நாளைக்குப் பின்னாடி யாரு?"

மறுநாள் பின்னால் ஹஸீனா வந்தார். சந்தூக்கைப் பெண்கள் சுமக்கும் வழக்கமில்லை என்று யாரோ கடை வாசலிலிருந்து சொன்னார்கள். "இதுல சந்தூக்கு எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்" என்று அவர் நின்று கேட்டார். காட்ட யாராலும் முடியவில்லை. உமர் சாகிப்பிடமும் புகார் போயிற்று. கையை வீசிக்கொண்டு சாலையைக் கடப்பவரைத் தடுக்க ஜமாஅத்துக்கு அதிகாரமில்லை என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார். அவரும் வரவில்லை.

வெறும் பெட்டியைச் சுமக்க இரண்டு பேர் போதும். உள்ளே பிள்ளைகள் இருந்தால் நான்கு மூலைக்கும் ஆள் வேண்டும். முன்னால் வலது பக்கம் மதார். பின்னால் வலது பக்கம் ஹஸீனா. பின்னால் இடது பக்கம் நான் போகிறேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பஸ் வருகிற திசையைப் பார்த்த முன்மூலை, இடது பக்கம், காலியாக இருக்கிறது.

நேற்று ஒரு சிறுமி நடந்துகொண்டே அந்தக் காலியிடத்துக்கு நகர்ந்துவிட்டாள். பஸ்ஸின் சத்தம் வளைவில் கேட்டது. மதார் நடையை நிறுத்தாமல் இடது கையை நீட்டி, அவளைத் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். "அங்க போவாத புள்ள. அது ஆளு எடம். ஆளு வருவாங்க" என்றார். இழுத்த கையை அவர் மடக்கவில்லை. மறுகரை சேரும்வரை, அந்த வெற்றிடத்தின் பக்கமாக நீட்டியபடியே வைத்திருந்தார்.

வாருங்கள். நாளைப் பகல், மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், குழாயடிக்கு. எதையும் கொண்டுவர வேண்டாம். காஜா பெராங் உங்களுக்குத் தூரம் என்றால், உங்கள் வீட்டு வாசலில் ஓடுகிற சாலையில் இறங்கி நில்லுங்கள்.